உருண்டை அடிப் பானையைச் சக்கரத்தில் எப்படி வனைகிறார்கள்?

ஹொரமாவு வாசி:
பெங்களூரில் சனிக்கிழமைதோறும் மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். மின்சாரச் சக்கரத்தில் நாங்கள் செய்வதெல்லாம் தட்டை அடி உள்ள கோப்பையும் கிண்ணமும்தான். தஞ்சாவூரில் பாட்டி பொங்கல் வைக்கிற பானைக்கு அடி உருண்டையாக, மெல்லிசாக இருக்கும். தட்டையான சக்கரத்தில் அது எப்படி வரும்? அப்புறம், வைக்கோல், வறட்டி வைத்து மொட்டைமாடியில் சுட முடியுமா?

மானாமதுரைக்காரன்:
சக்கரத்தில் அது வராது. சக்கரம் பாதி வேலைதான் செய்யும். எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் செய்கிற முறையைச் சொல்கிறேன். சக்கரத்தில் வாயும் கழுத்தும் மட்டுமே முழுதாக வரும். உடம்பு தடிமனாக, குட்டையாக நிற்கும். நூலால் அறுத்து எடுக்கும்போது அடியில் ஓட்டைதான் இருக்கும். அதை நிழலில் கொஞ்சம் இறுக விட்டு, உள்ளே வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே தட்டுப்பலகையால் தட்டுவார்கள். ஒட்டாமலிருக்கச் சாம்பல் தூவிக்கொள்வார்கள். தட்டத் தட்ட மண் மெலிந்து இறங்கி ஓட்டை மூடும், வயிறு உருளும். ஒரே மூச்சில் முடிக்கிற வேலை இல்லை. ஒரு சுற்று தட்டி, காய விட்டு, மறுபடி தட்ட வேண்டும். கடத்தின் நாதமும் இந்தத் தட்டலில்தான் இருக்கிறது. உருண்டை அடியில் மூலை கிடையாது, சூடு சீராகப் பரவும். அடுப்பில் விரிசல் விடாததற்கு அது ஒரு காரணம். வகுப்பில் பலகையும் கல்லும் கேளுங்கள். அதைச் சொல்லித் தராத வகுப்பு பாதி வகுப்புதான்.

மொட்டைமாடியில் மட்டும் சுடாதீர்கள். சூட்டில் கான்கிரீட் பெயர்ந்து தெறிக்கும். காலி மனை கிடைத்தால் செய்யலாம். முதலில் சின்னத் தீயில் மெதுவாக வாட்டுங்கள். காய்ந்ததாகத் தெரிகிற பானைக்குள்ளும் ஈரம் இருக்கும், அவசரப்பட்டால் அது ஆவியாகிப் பானையையே பிளந்துவிடும். அப்புறம் வறட்டியும் விறகும் அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி, சேறு மெழுகி, புகை போக ஓட்டைகள் விட்டு மூட்டுங்கள். 600 டிகிரி தாண்டிவிட்டால் அந்த மண் திரும்பத் தண்ணீரில் கரையாது. தீ அணைந்ததும் கிளறக்கூடாது, தானாக ஆறட்டும்.

ஃப்ரேசர் டவுன் அக்கா:
பென்சன் டவுன் பக்கத்தில் பாட்டரி டவுன் என்று குயவர்கள் குடியிருப்பு இருக்கிறதே, ஒருமுறை போய்ப் பாருங்கள் தம்பி. தமிழிலேயே பேசலாம். விநாயகர் சதுர்த்தி நெருக்கத்தில் மட்டும் போகாதீர்கள், சிலை வேலையில் யாருக்கும் நிற்க நேரம் இருக்காது.

ஹொரமாவு வாசி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. கறுப்புப் பானைக்கு வேறு மண்ணா?

மானாமதுரைக்காரன்:
அதே மண்தான். மண்ணில் இரும்பு இருக்கிறது. காற்று தாராளமாகக் கிடைத்தால் சிவக்கும். கடைசியில் காற்றை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் கறுக்கும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பாருங்கள்: உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டிருப்பார்கள் என்றே ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். முதல் சூளையிலேயே ஒரு சின்னச் சட்டியை உமிக்குள் கவிழ்த்துப் பாருங்கள்.