காலையில் மட்டும் வரும் கடகட சத்தம்: வாரண்டி முடிய 2 மாதம்தான்

மஞ்சக்குப்பம் வாசி:
வணக்கம். என் பெட்ரோல் கார் 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் மூன்று நொடி, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். அப்புறம் அடங்கிவிடும். புதுச்சேரி சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை போனேன். கடலூரிலிருந்து இருபது கி.மீ.க்கு மேல் ஓட்டிப் போவதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது, சத்தம் வருவதில்லை. "ஒன்றும் இல்லை சார்" என்று அனுப்பிவிட்டார்கள். லோன் போட்டு வாங்கிய வண்டி, இப்படியே விட மனசு வரவில்லை.

வில்லியனூர் மெக்கானிக்:
டைமிங் செயினாக இருக்கலாம் சார். இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் செயின் அது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்யும். ராத்திரி ஆயில் வடிந்து இறங்கினால், பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்து அடிக்கும். ஆயில் குறைந்தாலும் இப்படிச் சத்தம் வரும். முதலில் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

வண்டியை முந்தின நாள் சாயங்காலமே சென்டரில் விடுங்கள். "உரிமையாளர் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது" என்று ஜாப் கார்டில், அதாவது வண்டியின் குறையையும் வேலையையும் சென்டரில் எழுதும் சீட்டில், எழுத வையுங்கள். காலையில் சென்டரின் சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நீங்களே சாவியைத் திருப்புங்கள். வெளியில் யாரையும் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். வாரண்டி தர மறுக்க அதையே காரணமாகச் சொல்வார்கள்.

முதுநகர் அக்கா:
தம்பி, அந்த இரண்டு ஜாப் கார்டையும் எடுத்துப் படியுங்கள். என்னுடையதில் "ஜெனரல் செக்கப்" என்றுதான் இருந்தது. சத்தத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. வாரண்டி முடிந்து போய் நின்றபோது, முன்னாடியே சொன்னேன் என்பதற்கு என் கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் சொன்ன வார்த்தையே கார்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனிக்கு இன்றைக்கே மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915, நுகர்வோர் உதவி எண்.

மஞ்சக்குப்பம் வாசி:
அக்கா சொன்னது சரி. என் இரண்டு கார்டிலும் "வாட்டர் வாஷ், செக்கப்" மட்டும்தான். இன்று காலை டிப்ஸ்டிக்கை எடுத்தால் நுனியில்தான் ஆயில், கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. ஆயில் மாற்றி 4,000 கி.மீ.தான் ஆகிறது.

வில்லியனூர் மெக்கானிக்:
அப்படியே ஓட்டாதீர்கள் சார். டிப்ஸ்டிக்கையும் ஓடோமீட்டரையும் போட்டோ எடுங்கள். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றி, எத்தனை மில்லி என்று குறித்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சென்டரில் ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட், அதாவது இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்ற சோதனை, கேளுங்கள். அளந்து ஊற்றி, குறிப்பிட்ட தூரம் ஓட்டச் சொல்லி, மறுபடி அளப்பார்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:
போட்டோ எடுத்துவிட்டேன். ஆயில் வாங்கக் கிளம்புகிறேன். வியாழன் சாயங்காலம் வண்டியை விடுகிறேன்.