திருநீர்மலை: கோயில் தவிர என்ன இருக்கிறது?

கேள்வி: பல்லாவரத்துக்குக் குடிவந்திருக்கிறோம். ஞாயிறு காலை மாமியாரோடு திருநீர்மலை போகலாமா? அவருக்கு முழங்கால் வலி, மலை ஏறுவது சிரமம்.

பதில் 1: தாராளமாகப் போங்கள். நான் அங்கேயே வளர்ந்தவள். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். அதைத் தரிசித்தாலே அம்மாவுக்கு மனம் நிறையும். மேலே நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், திரிவிக்கிரமர் நடந்த கோலம். ஒரே தலத்தில் நான்கும் பார்ப்பது அபூர்வம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளமாம், வடியும்வரை காத்திருந்தாராம். அந்தக் கதையை எங்கள் பாட்டி தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்துதான் சொல்வார். மாமியாரையும் அங்கே உட்கார வையுங்கள், நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். முகூர்த்த நாளென்றால் கல்யாணக் கூட்டம் தாங்காது, நாள் பார்த்துப் போங்கள்.

பதில் 2: பக்கத்தில் அனகாபுத்தூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழைநார் கலந்து சேலை நெய்கிறார்கள். தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன, ஒன்றாவது வாங்குங்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா! திருநீர்மலை இன்னும் ஊராட்சிதானா?

பதில் 1: பேரூராட்சியாக இருந்தது, 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. எங்களுக்கு இன்னும் ஊர்தான். அப்புறம், மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள்.