கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம்: காலின் மெக்கன்சியின் கல்லறை எங்கே?

தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் ஊராகத் திரட்டிய கர்னல் காலின் மெக்கன்சி, 1821இல் இறந்து கொல்கத்தா தெற்கு பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். இரண்டு நாள் தேடியும் அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

போன சனிக்கிழமை காலை முழுக்க நடுப்பாதையிலும் அதன் கிளைகளிலும் நடந்தேன். மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸின் கல்லறை மேல் நிற்கும் ஊசிக்கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. 22 வயதில் இறந்த கவிஞர் டெரோசியோவின் கல்லறையையும் பார்த்தேன். இந்து வழக்கங்களைப் பின்பற்றியதால் 'இந்து' ஸ்டூவர்ட் எனப்பட்ட கம்பெனிப் படை அதிகாரியின் சமாதி கோயில் மாதிரியே இருக்கிறது, அதன் வாசல் சிற்பங்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அப்புறம் ஞாயிறன்று 1820ஆம் ஆண்டை ஒட்டிய கல்லறைப் பலகைகளாகப் பார்த்து, பாசியை ஈரத்துணியால் ஒற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து எழுத்தைப் படித்தேன். பல கல்லறைகளில் பலகை இருந்த இடத்தில் வெறும் செங்கல் பள்ளம்தான். இணையத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, இடக்குறிப்பு இல்லை.

மெக்கன்சி திரட்டி, சென்னையில் இருக்கும் சுவடிகளை வைத்துத்தான் என் ஆய்வே நடக்கிறது. ஒரு பூ வைக்காமல் ஊர் திரும்ப மனமில்லை. வியாழன் மாலை எனக்கு ரயில்.

நேரில் பார்த்தவர்கள் யாராவது, ஜோன்ஸின் கல்லறையிலிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை என்று சொல்ல முடியுமா?