ஜிபிஎல் 2, ஜிபிஎல் 3 மோதல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு சின்ன கணினிக்கூடம் நடத்துகிறோம். ராஸ்பெரி பை 3 ஆறு இருக்கின்றன, 64 பிட். கம்பைலர் முதல் எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்தே கட்டிக் காட்ட வேண்டும் என்று ஆசை. மூன்று வாரமாக அதில்தான் இருக்கிறேன்.

ஜிசிசி (கம்பைலர்), மஸ்ல் (சி நூலகம்) வரை சிக்கல் இல்லை. ஜிசிசி ஜிபிஎல் 3 (கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்-இன் மூன்றாம் பதிப்பு) என்றாலும் அதன் இயக்க நூலகத்துக்குத் தனி விலக்கு உண்டு. மஸ்ல் எம்ஐடி உரிமம். மாட்டியது அடுத்த படியில். நாங்கள் நம்பியிருக்கும் ஒரு பழைய பில்டு கருவி 'ஜிபிஎல் 2 மட்டும்'. அதைக் கட்டளை வரியில் தட்டச்சு செய்ய உதவும் ரீட்லைன் 8 நூலகத்துடன் ஸ்டாட்டிக்காக, அதாவது ஒரே கோப்பாக, இணைத்தேன். ரீட்லைனோ 6.0 முதலே ஜிபிஎல் 3. இந்த இரண்டு உரிமங்களும் ஒன்றாக இணைத்து விநியோகிக்கப் பொருந்தாது. எங்கள் கூடத்துக்குள் ஓட்டினால் பரவாயில்லை. ஆனால் பிள்ளைகள் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், அது விநியோகம். அவர்கள் கையில் உரிமம் மீறிய ஒன்றைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கருவியை எழுதியவருக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. ரீட்லைனுக்கு மாற்றாக லிப்எடிட் நூலகத்தைப் போட்டேன், கம்பைல் ஆனது, ஆனால் டேப் அழுத்தினால் கோப்புப் பெயர் நிரம்பவில்லை. அப்புறம் ரீட்லைன் 5.2. அது 'ஜிபிஎல் 2 அல்லது பிந்தையது', உரிமம் பொருந்துகிறது. ஆனால் அதிலுள்ள, கணினி வகையை அடையாளம் காணும் பழைய கான்ஃபிக்.சப் கோப்பு எங்கள் பையின் செயலி வகையான ஆர்ம் 64-ஐ அறியாததால், கட்டுவதற்கு முன் ஓடும் கான்ஃபிகர் நின்றுவிடுகிறது. புதிய கான்ஃபிக்.சப் ஜிபிஎல் 3, ஆட்டோகான்ஃப் (கான்ஃபிகரை உருவாக்கும் கருவி) விலக்கோடு.

அந்தப் புதிய கோப்பை 5.2-க்குள் வைத்து, முழு மூல நிரலோடு ஜிபிஎல் 2-இன் கீழ் கொடுக்க அந்த விலக்கு போதுமா?