நான்கு சிக்னேச்சர் கிட்டார்கள், ஒரு தோடி காந்தாரம்

யாருடைய சிக்னேச்சர் மாடலை (ஒரு பிரபலக் கலைஞரின் பெயரில் அவர் பாணிக்கேற்பச் செய்த கிட்டாரை) வாங்கலாம் என்று தவிக்கிறவர்களுக்காக என் அனுபவத்தையும் எழுதி வைக்கிறேன். எட்டு மாதம் இதே தவிப்பில் இருந்தவன் நான்.

சிங்கப்பூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் 16 ஆண்டுகளாக லீட் கிட்டார் வாசிக்கிறேன். குழுவில் ஒரே கிட்டார்தான். பல்லவியில் சுத்தமான கார்டு ரிதம், இடையிசையில் திடீரென்று லீட், அடுத்த பாட்டே ராகம் சார்ந்த மெட்டு என்று எல்லாவற்றையும் ஒரே கை சமாளிக்க வேண்டும். பழைய ஸ்ட்ராட் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்) தேய்ந்து போனது. சேமிப்பு 2,500 வெள்ளி. புதிதாக வாங்கினால் என்ன கிடைக்கும், பழையதில் என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

எந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தாலும் முதலில் தோடி ராகத்தின் காந்தாரத்தைத்தான் ('க' ஸ்வரம்) வாசித்துப் பார்ப்பேன். என் அக்கா வீணை கற்றபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பழக்கம். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, பக்கத்து ஸ்வரங்களான ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். கிட்டாரில் காந்தார ஃப்ரெட்டில் (நெக் எனும் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் மத்யமம் வரை தள்ளினால் (இதுதான் பெண்ட்) இரண்டு ஃப்ரெட் தூரம். ரிஷபத்திலிருந்தே இழுத்தால் நான்கு ஃப்ரெட். அந்த இழுவைக்கு ஈடுகொடுக்கிறதா என்று பார்த்தாலே ஒரு கிட்டாரின் நெக்கைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

முதலில் கிடைத்தது தெம்பனீஸ் வட்டாரத்தில் ஒருவர் விற்க வைத்திருந்த ஸ்வீடன் ராக் கிட்டாரிஸ்ட் இங்வே மால்ம்ஸ்டீன் பெயரிலான ஃபெண்டர் ஸ்ட்ராட். ஃப்ரெட்களுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். விரல் நுனி மரத்தைத் தொடவே தொடாது, கம்பி மட்டும்தான் விரலில் படும். வீணையிலும் மெட்டுகள் (அதன் ஃப்ரெட்கள்) தண்டிக்கு மேலே மெழுகில் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தைத் தொடுவதில்லை. சக்தி என்ற இந்திய-ஜாஸ் இணைவு இசைக் குழுவில் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமுடன் வாசித்த கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாக்லினும் இப்படிக் குழித்த ஃப்ரெட்போர்டைத்தான் வைத்திருந்தார். ஏன் என்று அன்றைக்குத்தான் என் விரலுக்குப் புரிந்தது. கம்பிக்கு அடியில் விரல் போய்ப் பிடிக்கிறது, பெண்ட் வழுக்குவதே இல்லை. காந்தாரம் அப்படியே அசைந்தது. விற்கிறவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்புறம் ஒரு சாதாரண ஜி மேஜர் கார்டு பிடித்தேன். அபஸ்வரம். மறுபடி பிடித்தேன், மறுபடி அபஸ்வரம். குழிக்குள் அழுத்தினால் கம்பி கூடுதலாக இழுபட்டு ஸ்ருதி ஏறிவிடும். எனக்கு இடது கை அழுத்தம் அதிகம். 16 ஆண்டு ரிதம் வாசித்த கை, ஒரு மாதத்தில் மாறாது. மால்ம்ஸ்டீனுக்கு அது பொருந்தும். பூப்போலத் தொட்டு வேகமாக ஓடுகிற கை அவருடையது. ஒரு நிகழ்ச்சியில் முக்கால்வாசி கார்டு வாசிக்கிற எனக்கு அது வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

நண்பர்கள் எல்லாரும் சொன்னது பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ சில்வர் ஸ்கை. அமெரிக்கப் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜான் மேயருக்காக 2018இல் செய்த அமெரிக்க மாடலின் விலை குறைந்த வடிவம் இது, 2022இல் வந்தது. அமெரிக்க மாடலில் ஃப்ரெட்போர்டின் வளைவு ஆரம் 7.25 அங்குலம், எஸ்இயில் 8.5 அங்குலம். எண் குறையக் குறைய வளைவு அதிகம். இந்தக் கணக்கு பெண்ட் செய்கிறவர்களுக்கு முக்கியம். வளைவு அதிகமாக இருந்து ஆக்‌ஷனும் (ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம்) தாழ்வாக இருந்தால், பெரிய பெண்டில் கம்பி மேட்டில் ஏறி அடுத்த ஃப்ரெட்டில் இடித்து நாதம் செத்துவிடும். எஸ்இயில் ஆக்‌ஷனைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி வாசித்ததும் காந்தாரம் தெளிவாக வந்தது. கார்டுகள் மணி மணியாக விழுந்தன. என் பட்ஜெட்டுக்குள் புதுக் கிட்டார் வேறு! இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஆனால் என்னுடைய மேடையை நான் மறந்திருந்தேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று போகிறவர்களுக்குத் தெரியும். விளக்குகளின் டிம்மர், சீரியல் செட், எல்லாம் ஒரே மின் இணைப்பில் ஓடும். சாதாரண சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் ஒற்றைச் சுருள்) அந்த இரைச்சலையும் வாங்கி ஆம்பில் கொட்டும். மெல்லிய வயலின் பிட் வரும்போது கிட்டார் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பார். சில்வர் ஸ்கையும் அசல் சிங்கிள் காயில்தான். வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன்.

இடையில் அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானின் ஸ்ட்ராட் மாடலும் ஒரு நாள் கைக்கு வந்தது. தடித்த நெக், 12 அங்குல வளைவு ஆரம், இடக்கைக்காரர்களுடையதுபோல் ட்ரெமொலோ கைப்பிடி (ஸ்ருதியை ஆட்டி வாசிக்க உதவுவது) மேல் பக்கம் இருக்கும். நாதம் அற்புதம். என் கைக்குப் பெரிது, அவ்வளவுதான்.

கடைசியில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு கடையில் பிரிட்டிஷ் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் பெயரிலான பழைய ஸ்ட்ராட். 1988இல் ஃபெண்டர் வெளியிட்ட முதல் சிக்னேச்சர் ஸ்ட்ராட் இந்த மாடல்தான். மால்ம்ஸ்டீன் மாடலும் அதே ஆண்டு வந்தது. நான் பார்த்தது 90களில் செய்த ஒன்று, இரைச்சல் குறைந்த லேஸ் சென்சார் பிக்கப்களுடன். கடைக்காரரிடம் கேட்டு, பளிச்சென்ற விளக்குக்கு நேர் கீழே ஆம்பைத் திருப்பி வைத்து வாசித்தேன். நிசப்தம். பிறகு மூன்றாவது குமிழைத் திருகினேன். அது டோன் குமிழ் இல்லை, மிட் பூஸ்ட் (நடு அலைவரிசை ஒலியை உயர்த்துவது). 25 டெசிபல் வரை ஏற்றும். மெலிந்த ஸ்ட்ராட் சத்தம் திருகத் திருகத் தடித்து ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போல ஆனது. பெடலைத் தேடிக் குனியாமல், பல்லவி முடிந்த அந்த அரை நொடியில் சுண்டுவிரலால் லீடுக்குப் போய்விடலாம். இடையிசைக்கு நான் இத்தனை ஆண்டு தேடிய வசதி இதுதான்.

நெக்கின் பின்புறம் மென்மையான வி வடிவம். கட்டைவிரலை மேலே மடித்துப் பிடிக்கிற என் பழக்கத்துக்கு அது பொருந்தியது. ட்ரெமொலோவை உள்ளே மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள், ஆட்டி வாசிக்க முடியாது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பதிலாக, பெரிய பெண்ட் செய்யும்போது மற்றக் கம்பிகளின் ஸ்ருதி இறங்குவதில்லை. காந்தாரம்? மால்ம்ஸ்டீனில் வந்த அந்த வழுவழுப்பு இல்லை. மெல்லிய 9 எண் கம்பிகள் (முதல் கம்பி 0.009 அங்குலம்) போட்டு, ரிஷபத்திலிருந்து இழுத்துப் பழகினேன். இரண்டு மாதத்தில் எனக்குத் திருப்தியாக வந்தது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதில் 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்தால் கிட்டாரில் சத்தமே வராது. கேபிளைச் செருகி வைத்தாலே பேட்டரி கரையும். ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்க மறந்து, மறுநாள் மாலை ஒலிச் சோதனையில் ஊமைக் கிட்டாரோடு நின்றேன். கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஓடிப்போய்ப் பேட்டரி வாங்கி வந்தார். இப்போது கேஸுக்குள் எப்போதும் இரண்டு புதுப் பேட்டரியும், பின்பக்க மூடியைத் திறக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும்.