சிறிய விபத்துதான், ஆனால் மகள் காரில் ஏற மறுக்கிறாள்

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய், சென்னை

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து விழுப்புரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில், ஆத்தூர் சுங்கச்சாவடிக்குச் சற்று முன்பு எங்கள் கார் சிறு விபத்தில் சிக்கியது. முன்னால் சென்ற பேருந்து சட்டென்று நின்றதால் என் கணவர் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டார். ஆனால் பின்னால் வந்த சிறிய சரக்கு வண்டி நிற்காமல் எங்கள் மீது மோதியது. பம்பர் உள்ளே போயிற்று, டிக்கி மூடவில்லை. கயிறு கட்டிக்கொண்டு அதே காரில் வீடு வந்து சேர்ந்தோம்.

மூன்றரை வயது மகன் குழந்தை இருக்கையில் இருந்தான். அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஏழு வயது மகள் சீட் பெல்ட் போட்டிருந்தாலும், தோள் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று அதை முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். பின் கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவளுடைய தோளில் பட்டு வீங்கியது. இரவு உடை மாற்றும்போதுதான் வயிற்றின் குறுக்கே பெல்ட் பதிந்த சிவப்புக் கோடு ஒன்றைப் பார்த்தேன். மறுநாள் அது மறைந்துவிட்டதால் மருத்துவமனைக்குப் போகவில்லை.

இன்று ஆறாவது நாள். மகன் பொம்மைக் கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு "டமால்" என்று நாள் முழுவதும் அதே விளையாட்டை விளையாடுகிறான். மகளோ காரின் அருகில் வரவே மறுக்கிறாள். நின்று போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் இரண்டு இரவுகளாகத் திரும்பியிருக்கிறது. பயந்த கோளாறு என்றும், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றும் என் மாமியார் சொல்கிறார். இறங்கியவுடன் என் கணவர் ஆத்திரத்தில் அந்த ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார், கூட்டம் கூடிவிட்டது. "அப்பா ஏன் அந்த மாமாவை அடிக்கப் போனார்?" என்று அவள் என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது? குழந்தை இருக்கையைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? காவல் நிலையத்தில் எதுவும் பதிவு செய்யவில்லை, அந்த ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் வண்டி எண்ணும் மட்டும் இருக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

சகோதரி, மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் மகளை ஒரு குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வயிற்றில் பெல்ட் பதிந்திருந்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கோடு மறைந்துவிட்டதால் அவராகக் கண்டுபிடிக்க வழியில்லை. தோள் பெல்ட் இல்லாமல் இடுப்புப் பட்டை மட்டும் பிடிக்கும்போது உடலின் மொத்த விசையும் வயிற்றின் மேல் விழுகிறது. பிள்ளைகளின் இடுப்பெலும்பு இன்னும் சிறியது என்பதால் பட்டை எலும்பின் மேல் நில்லாமல் மென்மையான வயிற்றுக்கு ஏறிவிடும், குடலிலோ மண்ணீரலிலோ ஏற்படும் காயம் சில சமயம் தாமதமாகத்தான் தெரியவரும். ஆறு நாள்களாக நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிறாள் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வயிற்று வலி, வாந்தி, சிறுநீரில் சிவப்பு நிறம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

தலையில் அடிபட்டிருந்தால் முதல் இரண்டு நாள்கள் முக்கியம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத உறக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றைக் கண்டவுடன் 108ஐ அழைக்க வேண்டும். செலவுக்கு அஞ்சித் தயங்குபவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன்: தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில், நீங்கள் கடந்து வந்த அதே சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது.

படுக்கை நனைவதும், பொம்மைகளை மோதவிடுவதும் அதிர்ச்சிக்குப் பின் பிள்ளைகளிடம் வழக்கமாகக் காணப்படுபவை. மகனின் விளையாட்டைத் தடுக்காதீர்கள். அவன் வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, மோதிய காருக்கு ஆம்புலன்ஸ் வருவதையும் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதையும் விளையாட்டில் சேர்த்துப் பாருங்கள். மகளைப் படுக்கைக்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். மாமியார் கயிறு கட்டட்டும். பாட்டி மடியில் உட்கார வைத்துச் செய்யும் எதுவும் பிள்ளைக்கு இதமாகவே இருக்கும், அது மருத்துவருக்கு மாற்று ஆகாமல் இருந்தால் போதும். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவும் அச்சமும் குறையவில்லையென்றால் மனநல ஆலோசனை தேவை. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மறுமொழி 2: வாகனக் காப்பீட்டு சர்வேயர்

குழந்தை இருக்கையைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, விபத்துக்குப் பின் அதே இருக்கையைப் பயன்படுத்துவதற்கு ஐந்து நிபந்தனைகள் வைத்திருக்கிறது: வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடிந்திருக்க வேண்டும், இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமடைந்திருக்கக் கூடாது, காற்றுப் பை விரிந்திருக்கக் கூடாது, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் விரிசல் கூடாது, வண்டியில் இருந்த எவருக்கும் காயம் ஏற்பட்டிருக்கக் கூடாது. ஐந்தும் சேர்ந்து பொருந்தினால்தான் அதைச் சிறு விபத்து என்று அந்தத் துறை கணக்கில் கொள்ளும். உங்கள் மகளுக்குத் தோளில் வீக்கம் இருந்ததால் ஐந்தாவது பொருந்தவில்லை. எந்த விபத்தானாலும் மாற்றிவிட வேண்டும் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள், கையேட்டைப் பாருங்கள். நானாக இருந்தால் மாற்றிவிடுவேன். பழையதை யாருக்கும் இனாமாகக் கொடுக்க வேண்டாம். பட்டைகளை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், ஆனால் அதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தாமதமானதற்குக் காரணத்தை உண்மையாக எழுதினால் போதும். பழுதுபார்க்கும் கடையில் பம்பரைக் கழற்றி உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தையும், பின் இருக்கையின் பெல்ட் பூட்டும் பொறியையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே ஒரு நெளிவுதான் தெரியும், உள்ளே சட்டம் வளைந்திருக்கும், இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். செலவு குறைவாக இருந்தால் கிளெய்ம் செய்யாமல் விடுவதே சில சமயம் லாபம். முதல் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டுகளில் 50 சதவீதம் வரை உயரும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) ஒரே கிளெய்மில் போய்விடும். உங்கள் போனஸ் எவ்வளவு என்று பார்த்து முடிவெடுங்கள்.

காயம் ஏற்பட்ட விபத்தைக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது நல்லது. அந்தப் பகுதி நிலையத்தில் எழுதிக் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கி வையுங்கள். பின்னர் மகளுக்கு ஏதேனும் சிகிச்சை தேவைப்பட்டால் அந்த ஒரு தாள் பேசும்.

மறுமொழி 3: இரு மகன்களின் தந்தை, திருநெல்வேலி

தங்கையே, உங்கள் மகள் மூன்று முறை கேட்டிருக்கும் கேள்வியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு ஆட்டோ என் காரின் பக்கவாட்டில் உரசியது. நான் இறங்கி நடுத்தெருவில் கத்தினேன், கை ஓங்கினேன். என் மூத்தவனுக்கு அப்போது ஆறு வயது. பின்னர் வாரக்கணக்கில் அவன் காரில் ஏறும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அப்பா, இறங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். உரசலை அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவன் பயந்தது என்னைப் பார்த்துத்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று.

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவளுடைய அப்பா சொல்லட்டும். உனக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயத்தில் கோபம் வந்துவிட்டது, சட்டையைப் பிடித்தது தவறு என்று அவள் உயரத்துக்குக் குனிந்து சொல்லட்டும். முடிந்தால் அவள் கேட்கும்படி அந்த ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை பேசட்டும். காரில் ஏறுவதற்கு அவசரப்படுத்த வேண்டாம். நாங்கள் முதலில் நின்ற காரில் கதவுகளைத் திறந்து வைத்து உட்கார்ந்து பொரி உருண்டை தின்றோம், அடுத்த நாள் எஞ்சினை மட்டும் ஓடவிட்டோம், பிறகு தெருமுனை வரை போனோம். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் உரிமையை அவனிடம் கொடுத்தோம், அதுதான் உதவியது.

இன்னொன்று, அவளுக்கு, பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை ஒன்று வாங்கிவிடுங்கள். ஏறத்தாழ 145 செ.மீ. உயரம் வரும்வரை பெரியவர்களுக்கான தோள் பெல்ட் பிள்ளைகளின் கழுத்தில்தான் உரசும். அவள் அதைப் பின்னால் தள்ளியதில் அவள் தவறு ஒன்றுமில்லை.

மறுமொழி 4: கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மருத்துவரிடம் சென்றோம். வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பெல்ட் கோட்டைப் பற்றி நான் சொன்னவுடன்தான் அவர் ஸ்கேனுக்கு எழுதினார். கிளெய்ம் செய்யவில்லை, போனஸ் 45 சதவீதத்தில் இருக்கிறது. குழந்தை இருக்கையும் பூஸ்டரும் புதிதாக வாங்குகிறோம்.

மூன்றாம் மறுமொழியை என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. இரவு மகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அந்த ஓட்டுநரை அழைத்தார். அவர், "பாப்பாவுக்கு எப்படி இருக்குங்க சார்?" என்றுதான் முதலில் கேட்டாராம். ஒலிபெருக்கியில் அதைக் கேட்ட மகள், தோள் வலி போய்விட்டது என்று தானே பதில் சொன்னாள். இன்று மாலை காரின் பின் கதவைத் திறந்து அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போடவில்லை, எஞ்சினை ஓட விடவும் சம்மதிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் இறங்கும்போது கையோடு எடுத்து வந்துவிட்டாள்.