எக்செல் அறிக்கை வேலையை மென்பொருளே செய்யப்போகிறது: எதை முதலில் கற்பது?

கேள்வி (தாள்பூச்சி)
பல கிளைகளிலிருந்து வரும் எக்செல் கோப்புகளை ஒன்றாக்கி, விலுக்கப் (VLOOKUP, இன்னொரு பட்டியலில் தேடி மதிப்பை எடுக்கும் சூத்திரம்) போட்டு, பிவட் (சுருக்க அட்டவணை) எடுத்து மாதாந்திர அறிக்கை அனுப்புவதுதான் என் வேலை. ஆறு மாதத்தில் புது மென்பொருள் வருகிறது, அறிக்கையை அதுவே போட்டுக் கொடுத்துவிடுமாம். பைதான் என்ற நிரல்மொழியைக் கற்பதா, ஏஐ படிப்பில் சேர்வதா, சான்றிதழ் தேர்வு எழுதுவதா? தினமும் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும்.

பதில் (வரிசை_நெடுவரிசை)
படிப்பைத் தேடும் முன் வேலையைப் பிரித்துப் பாருங்க. அடுத்த மாத முடிவில் செய்யும் ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள்: என்ன வேலை, எத்தனை நிமிடம், என்ன விதி, விதி பொருந்தாதபோது யாரைக் கேட்கிறீர்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் கிளை திரும்பி வந்த சரக்கை விற்பனையில் கழிக்காமல் செலவில் காட்டும்" மாதிரி விஷயங்கள் உள்ள வரிகள்தான் உங்கள் கையிருப்பு. மென்பொருள் போட வருகிறவருக்கு இது தெரியாது, பெரும்பாலும் எங்கேயும் எழுதியும் இருக்காது. இப்போதே எழுதி வையுங்க.

பதில் (குவெரிக்காரன்)
கற்கும் வரிசை: பவர் குவெரி (எக்செலில் தரவைச் சேர்த்துச் சீராக்கும் கருவி), அப்புறம் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவைக் கேட்டு எடுக்கும் மொழி), தேவைப்பட்டால் மட்டும் பைதான். தலைகீழாகப் போனால் பாதியில் நின்றுவிடும், ஏனென்றால் பைதானை அன்றாட வேலையில் போட்டுப் பார்க்க முதல் மாதம் வாய்ப்பே கிடைக்காது.

பவர் குவெரி எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது. கிளைக் கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, டேட்டா தாவலில் கெட் டேட்டா வழியாக ஃப்ரம் ஃபோல்டர் கொடுங்கள். அடுத்த மாதம் புதுக் கோப்புகளைப் போட்டு ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும். இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று, எது எண், எது தேதி என்று வகை குறிக்க அது தானாகச் சேர்க்கும் 'சேஞ்டு டைப்' படி. அதில் நெடுவரிசைப் பெயர்கள் அப்படியே பதிந்திருக்கும், யாராவது தலைப்பை மாற்றினால் பிழை வரும். இன்னொன்று தேதி. 03/04 என்பது மார்ச் 4 ஆகவும் படும், ஏப்ரல் 3 ஆகவும் படும். தவறான அமைப்பில் 12-க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் பிழை காட்டும், மற்றவை சத்தமில்லாமல் மாறிவிடும். அந்தப் படியை நீக்கிவிட்டு 'யூஸிங் லொகேல்' (எந்த நாட்டுத் தேதி முறை என்று சொல்லும் வசதி) மூலம் வகை கொடுங்கள்.

எஸ்க்யூஎல் 1974-இல் ஐபிஎம்மில் உருவானது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கற்பதற்கு எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் போதும், இலவசம், சர்வர் வேண்டாம். செலக்ட் (எடுப்பது), வேர் (நிபந்தனை வைப்பது), குரூப் பை (தொகுதியாகப் பிரிப்பது), ஜாயின் (இரு அட்டவணைகளை இணைப்பது) நான்கும் கைக்கு வர ஆறு வாரம் பிடிக்கும். பெரிய குழி லெஃப்ட் ஜாயின், அதாவது முதல் அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இரண்டாவதை இணைப்பது. வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு குறியீடு இரண்டு முறை இருந்தால் அவருடைய விற்பனை இரட்டிப்பாகும். ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரி எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

பதில் (சரிபார்ப்பு)
ஏஐ பற்றி யாரும் சொல்லவில்லையே. தனிப் படிப்பு தேவையில்லை, பழக்கம்தான் தேவை. நிறுவனத் தரவை அதில் ஒட்டாதீர்கள். மொத்தத்தைக் கேட்காமல், மொத்தம் போடும் சூத்திரத்தைக் கேளுங்கள். 20 வரியில் பொய்த் தரவு ஒன்று தயாரித்து, காலிக் கட்டம், இரட்டை வரி, எதிர்மறைத் தொகை, 0-வில் தொடங்கும் குறியீடு எல்லாம் வைத்து, விடையைக் கையால் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேறாத சூத்திரம் உண்மைக் கோப்புக்குப் போகக் கூடாது.

இது அதிகப்படியான பயம் இல்லை. 2020-இல் இங்கிலாந்தில் கோவிட் பரிசோதனை முடிவுகளைப் எக்ஸ்எல்எஸ் என்ற பழைய எக்செல் கோப்பு வடிவில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிதான் தாங்கும். கிட்டத்தட்ட 16,000 தொற்றுகள் கணக்கில் வராமல் விட்டுப்போயின. உள்ளே போன வரியையும் வெளியே வந்த வரியையும் எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தாள்பூச்சி
நன்றி. சான்றிதழ்?

பதில் (வரிசை_நெடுவரிசை)
விண்ணப்பம் முதல் சல்லடையில் தப்ப உதவும், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. புது மென்பொருளைப் பழையதோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பார்கள், குறைந்தது இரண்டு மாத முடிவாவது ஓட்டச் சொல்லுங்கள். அந்தச் சோதனையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் தொகை, காரணம், எது சரி, யார் ஒப்புக்கொண்டார் என்று பதிவேடு வையுங்கள். முதலில் ரவுண்டிங்கைப் பாருங்க: 10.4 மூன்று முறை கூட்டி ரவுண்ட் செய்தால் 31, ஒவ்வொன்றையும் ரவுண்ட் செய்து கூட்டினால் 30. பாதி வித்தியாசங்கள் இந்த ரகமாகத்தான் இருக்கும். மீதிக்கு உங்களைத்தான் தேடி வருவார்கள்.